பதிலளிக்கவில்லை

மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்குக் கணினி நின்றது, மங்கையர்க்கரசி நிற்கவில்லை. கண் புத்தகத்தில் இருந்ததால் திரை உறைந்தது அவளுக்குத் தெரியாது. இன்னும் ஏழு நிமிடம், இரண்டு பக்கம், அதில் ஓர் அட்டவணை, பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு, எல்லாவற்றையும் குரல் பிசிறாமல் படித்து முடித்தாள். புத்தகத்தில் 'முற்றும்' என்று அச்சாகியிருக்கவில்லை, ஆகவே சொல்லவும் இல்லை; மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு இருப்பதை விடுவதைவிட இல்லாததைச் சேர்ப்பது பெரிய குற்றம். மூன்று விநாடி மௌனம் விட்டாள். அத்தியாயம் முடிந்தால் மூன்று விநாடி என்பது பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தின் விதி. பிறகு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, முப்பத்தோரு அத்தியாயம், பதினாறு பிற்பகல், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல், என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஊர்வலம் நடத்தியபடி நிறுத்தும் பொத்தானைத் தேடித் தலை நிமிர்ந்தால், பச்சை அலைகள் ஒரு மணி முப்பத்துநான்கு நிமிடம் ஏழு விநாடியில் அப்படியே நின்றிருந்தன. சுவர்க் கடிகாரம் மூன்று இருபத்தொன்பது. திரை முழுக்கப் பால் ஊற்றினாற்போல ஒரு வெளிறல். மேலே செயலியின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 'பதிலளிக்கவில்லை' என்றிருந்தது. யார், யாருக்கு? எழுவாயும் இல்லை, பெறுநரும் இல்லை. முப்பது வருடம் அச்சகத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பியிருப்பாள். அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: 'நிரலை மூடு', 'காத்திரு'. ஐம்பத்தொன்பது வயதுக்காரியை ஒருமையில் அதட்டுகிறது. இரண்டுக்கும் சேர்த்து அவள் மனத்துக்குள் ஒரே பதில்தான் சொன்னாள்: முடியாது.

அறையில் காற்றில்லை. மின்விசிறி சத்தம் பதிவில் விழும் என்று அதை நிறுத்தியிருந்தாள். ஜன்னலுக்கு ஒரு மெத்தை, கதவுக்கு இரண்டு ஜமுக்காளம், பொன்மலைப்பட்டியின் மே மாதத்துக்கு இது ஏறக்குறைய இட்லிக் கொப்பரை. முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கி இடுப்பில் தேங்கியது. பொத்தானைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். யோசி. நாளைக் காலை எட்டு மணிக்குத் தொண்டையில் அறுவை. இன்று மாலை ஐந்து மணிக்கு ஆட்டோ வரும், ஆறு மணிக்குள் மருத்துவமனையில் சேர வேண்டும். டாக்டர் ஹாஜா மைதீன் அறுவைக்கு முன்பே குரலுக்கு முழு ஓய்வு கேட்டிருந்தார், "ஒரு வார்த்தை கூடாதும்மா, இருமல்கூட யோசிச்சு இருமுங்க." பதினாறு நாளாக அவள் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, நாள்காட்டித் தாளைக் கிழித்து, 'காபியில் சர்க்கரை கூடுதல்', 'பால்காரர் நாளை வரமாட்டார்' என்று எழுதிக் கணவர் சிவக்கொழுந்துவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு 'தூங்கப் போகிறேன்' என்று ஒரு தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, நாள் முழுக்கச் சேர்த்து வைத்த குரலை எடுத்து 'அலுவலக நடைமுறைக் கையேடு' படித்தாள். பேசக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடு சட்டத்தில் நிற்காது என்பது சட்டப் புத்தகங்களுக்கே மெய்ப்புப் பார்த்தவளுக்குத் தெரியாதா. தெரியும். நிற்காவிட்டால் உட்காரட்டும்.

ஒலிநூலகத்தில் பழக்கமான கயல்விழிக்குத் தேர்வு பதினோரு நாளில். ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பு மேசையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள், பிறவியிலேயே பார்வை கிடையாது, பெயரை யாராவது இரண்டாம் முறை கேட்டால் "கயல் இருக்கு, விழிதான் இன்னும் வந்து சேரல" என்பாள். துறைத் தேர்வு எழுதி உதவியாளர் ஆக வேண்டும் என்று கேட்கப் போனபோது கண்காணிப்பாளர் சொன்னாராம்: "புத்தகத்தை நீங்க எப்படிம்மா படிப்பீங்க? யாரோ படிச்சு நீங்க எழுதினா, யாரு பாஸ் பண்ணின கணக்கு?" அதைக் கயல் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே ஒலிநூலகத்தில் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். ஒலிநூலகத்தில் இன்னொரு விதி உண்டு, ஒரு நூலுக்கு ஒரே குரல். நடுவில் குரல் மாறினால் முழு நூலும் வேறு ஒருவருக்குப் போய்விடும், முதல் பக்கத்திலிருந்து. அறுவைக்குப் பிறகு குரல் மாறுமா என்று டாக்டரிடம் தாளில் எழுதிக் கேட்டிருந்தாள். "மாறலாம், மாறாமலும் போகலாம்." இரண்டு 'லாம்'. மனிதர் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. ஆகவே இந்தக் கடைசி அத்தியாயம் இன்று இல்லையென்றால் இல்லை. இது இல்லையென்றால் மற்ற முப்பதும் இல்லை. கயல் வெறும் கையோடு தேர்வறைக்குப் போக, கண்காணிப்பாளர் தன் கணக்கு சரியென்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார். அந்தச் சாய்வைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. இதில் பெரிய கூத்து, உறைந்து நிற்கும் அத்தியாயத்தின் தலைப்பு: 'பதிவேடுகளைப் பேணுதலும் அழித்தலும்.'

சேமித்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை, அறையில் யாரும் இல்லை, ஆனாலும் கேள்வி வந்து ஜமுக்காளத்தில் மோதியது. சேமிக்கத்தான் செய்தது இந்தச் செயலி, ஐந்து நிமிடத்துக்கொருமுறை, தானாக. சேமிக்கும் நொடியில் இந்தக் கிழட்டு மடிக்கணினிக்கு மூச்சு முட்டும்; பதிவில் ஓர் எழுத்து விழுந்துவிடும். மூன்றாம் அத்தியாயத்தைப் போட்டுக் கேட்டபோது 'வேண்டும்' ஒன்று நடுவில் ஓட்டையோடு வந்தது. ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவள் கண்டுபிடித்தாள். அன்றே அந்தத் தானியங்கி ஏற்பாட்டை அணைத்துவிட்டு, அத்தியாயம் முடிந்ததும் கையால் சேமிப்பது என்று வைத்துக்கொண்டாள். முப்பதாம் அத்தியாயம் வரை அது பலித்தது. வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது, இதற்கு முப்பது வருடப் பயிற்சி தேவை. மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் அந்த அச்சகம், காரீய வாசனை, மதியம் மூன்று மணிக்குக் கண் எரியும்போது பூதக்கண்ணாடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டால் ஜில்லென்றிருக்கும். வாடகைச் சட்ட விளக்கம் ஒன்றில் ஒரு வரியை விட்டுவிட்டாள். ஆயிரத்திருநூறு பிரதி. முதலாளி திட்டவில்லை, பிழைதிருத்தச் சீட்டுக் கட்டையும் பசைக் கிண்ணத்தையும் அவள் முன்னால் மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் ஒட்டினாள். ஆயிரத்திருநூறு தடவை தன் தப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். பசை காய்ந்து விரல் தோல் உரிந்தது. அந்த விரல்தான் போய் அந்த ஏற்பாட்டை அணைத்தது. ஓர் எழுத்து விழக் கூடாது என்று பார்த்தாள், இப்போது ஒரு மணி முப்பத்துநான்கு நிமிடம் விழுகிறது. விழவில்லை. இன்னும் விழவில்லை. நிற்கிறது. வெளியே சிவக்கொழுந்து எதையோ நகர்த்தும் சத்தம், மருத்துவமனைப் பையாக இருக்கும். நேற்றே மூன்று தடவை அடுக்கிக் கலைத்தார்.

கைபேசியை எடுத்துக் கயலுக்கு எழுதினாள். பேச முடியாது, வீட்டில் கேட்கும். 'கயல், செயலி உறைந்துவிட்டது; ஒரு மணி முப்பத்துநான்கு நிமிடப் பதிவு சேமிக்கப்படவில்லை. என்ன செய்ய வேண்டும்?' நாலு நிமிடம் கழித்துக் குரல்செய்தி வந்தது. ஒலியைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். "மங்கைம்மா, இந்த நேரத்துலயும் அரைப்புள்ளி வக்கிறீங்க. என் போன் அதை 'செமிகோலன்'னு கத்தி வாசிக்குது, பக்கத்து சீட்டு அம்மா என்னடின்னு கேக்குறாங்க. சரி, முதல்ல ரெண்டு பட்டனையும் தொடாதீங்க. மவுஸைத் தூக்கித் தள்ளி வைங்க, அது கண்ணு தெரியிறவங்களுக்குன்னு வந்த கஷ்டம். நீங்க பேசப் பேச அது துண்டு துண்டா டிஸ்க்ல எழுதிக்கிட்டேதான் இருந்திருக்கும். ஜன்னல்தான் செத்துக் கிடக்கு, துண்டுக்கெல்லாம் உசுரு இருக்கும். ஆனா மூடினீங்கன்னா சில சமயம் வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டுதான் போகும். அதனால பெருக்குறதுக்கு முன்னாடி நாம அள்ளிக்கணும்." ஒரு நிறுத்தம், தூரத்தில் யாரோ ஐயா இல்லை, மீட்டிங் என்று சொன்னார்கள், பிறகு மறுபடி: "ரொம்பக் கஷ்டமா இருந்தா விடுங்க, இன்னொரு நாள் திரும்பப் படிச்சிடலாம். தொண்டைக்கு வைத்தியம்னு சொன்னீங்கள்ல." மங்கையர்க்கரசி அவளிடம் வைத்தியம் என்றுதான் சொல்லியிருந்தாள். கத்தி என்று சொல்லவில்லை, நாளை என்று சொல்லவில்லை, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கணும் என்று டாக்டர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னதைச் சொல்லவேயில்லை. எழுதினாள்: 'இன்னொரு நாள் இல்லை.' அரைப்புள்ளி இல்லாத வாக்கியம். பிறகு வந்த குரலில் கேலி துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. "சரிம்மா. கொடி போட்ட பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க. ஒரு சின்னப் பெட்டி வரும்."

சின்னப் பெட்டி வந்தது. டெம்ப் என்று அடித்து இரண்டு பக்கமும் சதவீதக் குறி போடச் சொன்னாள் கயல், போட்டாள். வாழ்க்கையில் ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் சதவீதக் குறி போடுவது இதுவே முதல் தடவை, யாரும் பார்க்காமல் செய்யும் ஒரு சின்ன அசிங்கம் போல இருந்தது. திறந்த இடத்தில் நூற்றுக்கணக்கான பொட்டலங்கள், தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் இன்றைய தேதியில் ஒன்று. அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள். எண்களால் ஆன பெயர்கள். தன் குரலை யாரோ பொடிப்பொடியாக நறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். 'மொத்தத்தையும் நகலெடுத்து வேற இடத்துல வைங்க, பென்டிரைவ்லயும் ஒண்ணு வைங்க' என்ற கட்டளை. நகல் ஓடத் தொடங்கியது. ஒரு பச்சைப் பட்டை, அதற்கு அவசரம் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூக்கு வழியாகக் குழாய் இறங்கிய நாள் வந்தது. டாக்டர் எதிரே ஒரு திரையில் காட்டினார், ஈரமான ஒரு சுரங்கம், அதன் அடியில் இரண்டு வெள்ளை நாடாக்கள், "ஈ சொல்லுங்கம்மா" என்றதும் சேர்ந்தன, மூச்சு இழுத்ததும் விலகின. இடது நாடாவில் ஒரு அரிசி. இதுவா பேசியது இத்தனை நாள்? இந்த இரண்டு நாடாதான் அச்சகத்தில் உரக்கப் படித்தது, கல்யாணத்தில் ஒப்புக்கொண்டது, மகளை அதட்டியது? நர்ஸ் ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தைச் சேமித்தாள். அவள் எவ்வளவு அநாயாசமாகச் சேமித்தாள். அந்த ஆஸ்பத்திரிக் கணினியில் தொண்டை பத்திரமாக இருக்கிறது, இங்கே குரல் அந்தரத்தில் தொங்குகிறது. புனேயிலிருந்து மகள் இளவேனில் போன் செய்து அழாமல் அழுதாள்: "அம்மா, ஏதாவது கதை சொல்லி ரெக்கார்ட் பண்ணி வைங்கம்மா. உங்க குரல்ல. ஒருவேளை..." அந்த ஒருவேளையைக் கேட்டதும்தான் மங்கையர்க்கரசிக்கு வெறி வந்தது. ஒருவேளைக்காக எல்லாம் கதை சொல்ல முடியாது. மிச்சம் இருக்கிற குரலில் எதைப் படிக்க வேண்டும் என்று அந்த அரிசியா முடிவு செய்வது? விடுப்பு விதிகள் படிப்பேன். பயணப்படி படிப்பேன். உறையிட்டு முத்திரை வைப்பது எப்படி என்று நாற்பது நிமிடம் படிப்பேன். கேட்கிறவளுக்கு அதுதான் வேண்டும், கேட்கிறவளுக்கு வேண்டியதைப் படிப்பதுதான் குரல்.

பட்டை பாதி தாண்டியது. இன்று மத்தியானம் படித்தது அவளுக்குள் தானாகத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. ஓராண்டு வைத்திருந்து அழிக்கத்தக்கவை, மூன்றாண்டு, பத்தாண்டு, என்றென்றும் பேணத்தக்கவை. கணவருக்கு எழுதிய நாள்காட்டித் தாள்கள் எந்த வகை? சர்க்கரை கூடுதல் என்பது ஓராண்டு. 'தூங்கப் போகிறேன்' என்ற பதினாறு பொய்கள் மூன்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம், தணிக்கைக்கு வரும். சிவக்கொழுந்து பாவம், ரயில் பணிமனையில் கொதிகலன் பிரிவில் சம்மட்டிச் சத்தத்தில் முப்பத்தைந்து வருடம், மனிதருக்கு மெதுவாகப் பேசவே வராது. ரகசியம் என்று ஆரம்பித்தால் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் பதில் சொல்லுவார். அவள் வாயை மூடிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசுகிறார், கேள்வி அவர், பதிலும் அவர், சில சமயம் அவள் சார்பில் தன்னையே திட்டிக்கொள்வதும் அவர். மத்தியானம் மட்டும் சத்தம் காட்டுவதில்லை, திண்டுத் தலையணையில் தூங்கிப்போவார் போல. தெரு முழுக்க அப்படித்தான் இந்த மாதம். பழைய இரும்பு வண்டிக்காரர் ஒருவர் வருவார், ஒலிபெருக்கியில் என்றைக்கோ பதிவு செய்த ஒரே குரல், 'பழைய இரும்பு, ஓட்டை உடைசல், பழுதான கிரைண்டர் மிக்சி' என்று, எந்த வருடம் யார் பேசியதோ, ஒரு எழுத்து விழாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அந்தப் பதிவைச் சேமித்தவனைக் கண்டால் கை குலுக்க வேண்டும். அவரும் இந்த மாதம் இந்தத் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டார் போலும். எந்த அத்தியாயத்திலும் அவர் விழவில்லை. தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டாள். பட்டை நிறைந்தது.

"இப்ப மூடுங்க" என்றது கயலின் குரல். எளிதாகச் சொல்லிவிட்டாள். மூன்று ஐம்பத்தொன்று. விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. விதி நூற்றுப் பதினான்கு, இன்று படித்தது, 'பொறுப்பு அலுவலர் நேரில் பார்வையிட்டுக் கையொப்பமிடாத எந்தக் கட்டினையும் அழித்தல் கூடாது.' நகலில் இருப்பது உண்மையில் குரல்தானா, வெறும் எண்களா, துண்டுகள் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ளுமா? நாளைக் காலை மயக்க மருந்து கொடுப்பவர் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார் என்று பக்கத்துவீட்டு ரெஜினா சொன்னாள். எந்த எண்ணில் நிற்பேன்? நின்ற எண்ணுக்கு அடுத்த எண்ணை யார் சொல்வார்கள்? கண் விழித்து வாயைத் திறந்தால் வேறு யாரோ பேசினால் என்ன செய்வது, அவளுக்கு என் பெயர் தெரிந்திருக்குமா? தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது அந்த அரிசி இருக்கும் இடம் தெரிந்தது, இருந்துவிட்டுப் போ. நேரில் பார்வையிட்டாயிற்று. பொறுப்பு அலுவலர் நான்தான். மூடினாள். வெளிறிய திரை ஒரு கணம் கறுத்து, பளிச்சென்று வெறுமையானது. பச்சை அலைகள் இருந்த இடத்தில் மேஜைமேல் வைத்த ரோஜாப்பூப் படம், கணினி வாங்கும்போதே வந்தது. செயலியை மறுபடி திறந்தாள். கயல் சொல்லி வைத்திருந்தாள், "மீட்கவா விடவான்னு கேக்கும், அவசரத்துல எண்டர் தட்டிடாதீங்க, மூணுல ஒண்ணு குப்பைத்தொட்டி." கேட்டது. 'கடந்த முறை சேமிக்கப்படாத பணி ஒன்று உள்ளது.' ஒன்று உள்ளது. மூன்று பொத்தானையும் மெய்ப்புப் பார்ப்பது போல எழுத்துக்கூட்டிப் படித்தாள், இரண்டு தடவை, அப்புறம் 'மீட்டெடு' என்பதை அமுக்கினாள். அலைகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒரு மணி முப்பத்துநான்கு நிமிடம் ஏழு விநாடி. முதல் காரியமாகச் சேமித்தாள். பிறகு, கூடவே இன்னொரு காரியம் செய்தாள், அந்தத் தானாகச் சேமிக்கும் ஏற்பாட்டைத் தேடிப் பிடித்து உயிர்கொடுத்தாள். விழுந்தால் ஓர் எழுத்து விழட்டும். பசைக் கிண்ணத்தை இனி யாரும் என் முன்னால் நகர்த்த வேண்டாம்.

'கிடைத்துவிட்டது' என்று எழுதியதற்கு, "துண்டு நடுவுல எங்கயாவது விட்டுப்போயிருக்கும், முழுசும் கேட்டுப் பாருங்க" என்று வந்தது. முழுதும் கேட்க ஒன்றரை மணி நேரம் வேண்டும், இருப்பது ஒரு மணி. "ரெண்டரை மடங்கு வேகத்துல போடுங்க மங்கைம்மா. நான் எப்பவும் அப்படித்தானே கேக்குறேன்." மங்கையர்க்கரசி கைபேசியையே பார்த்தாள். அப்படியானால் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் எண்ணி விட்ட மூன்று விநாடி? காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளிக்கு இரண்டு என்று பார்த்துப் பார்த்துப் படித்தது? ஓட்டை விழுந்த அந்த 'வேண்டும்'? அவள் கேட்காமலே பதில் வந்தது, "ஆனா ஒண்ணு, நீங்க படிச்சதை மட்டும்தான் அந்த வேகத்துல கேக்க முடியும். மத்தவங்க எழுத்தை முழுங்கிடுவாங்க." சரி. ஹெட்போனைக் காதில் ஏற்றினாள். தன் குரல் ஒரு அணிலாக மாறிப் பதிவேடுகளின் மேல் ஓடியது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, பத்து நிமிடத்தில் காது பழகியது. ஆச்சரியம், சொற்கள் எல்லாம் இருந்தன, கால்கள் வைத்து நடந்தன. எவ்வளவு வேகமாக உலகத்தை வாங்கிக்கொள்கிறாள் இந்தப் பெண், நாம் என்னவோ அவளுக்கு ஊட்டி விடுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். முப்பதாம் நிமிடம் சரி, நாற்பதாம் நிமிடம் சரி. ஐம்பத்தோராம் நிமிடத்தில் குரலுக்கு அடியில் எதுவோ கொத்தியது, சிட்டுக்குருவி ஓட்டில் கொத்துவது மாதிரி. நிறுத்தினாள். பின்னால் போய், சாதாரண வேகத்தில் வைத்தாள்.

'பத்தாண்டு முடிவுற்ற கட்டுகளை' என்று அவள் படித்துக்கொண்டிருந்தாள். அடியில், தூரத்தில், ஜன்னல் மெத்தையைத் தாண்டி, 'பழைய இரும்பு, ஓட்டை உடை' என்று தொடங்கிய ஒலிபெருக்கி பாதியில் கழுத்து நெரிபட்டதுபோல அணைந்தது. படிக்கும்போது வெளியுலகம் வேண்டாமென்று அவள் ஹெட்போனால் காதை அடைத்திருந்தாள், ஒலிவாங்கி அடைத்திருக்கவில்லை. ஒலியைக் கடைசி வரை ஏற்றினாள். தன் குரல் காதைக் கிழித்தது, அது மூச்சு வாங்கும் இடைவெளிகளில் ஓர் ஆண் குரல். "அமத்துப்பா, அமத்து. கொஞ்சம் அசந்துட்டேன், அதுக்குள்ள வீட்டு வாசலுக்கே வந்துட்ட." வண்டிக்காரர்: "தினம் முக்குலயே மறிச்சுருவீங்களே, இன்னிக்கு ஆளக் காணமேன்னு வந்தேன். யாரு சார் உள்ள பரீட்சைக்குப் படிக்கிறது?" "எங்க வீட்டம்மா." "இந்த வயசுலயா?" "ஆமா. இன்னிக்கோட முடியுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா, நீ எங்கயும் ஒளறி வைக்காத." அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. சொற்கள் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. சம்மட்டிக்கு மேலே ஏறிப் பேசிப் பழகிய அந்தத் தொண்டை இப்படி ஒரு குரலை எங்கே வைத்திருந்தது? முப்பத்தாறு வருடம். காதோடு பேச வேண்டிய எல்லா நேரத்திலும் கத்திய மனிதர், யாரோ ஒரு இரும்பு வண்டிக்காரரிடம், பஞ்சைக் கீழே வைப்பது போல வைத்துப் பேசுகிறார். மறுபடி போட்டுக் கேட்டாள். மூன்றாம் தடவையும். ஒவ்வொரு மத்தியானமும் தெருமுனையில் வெயிலில் நின்றிருக்கிறார். மோட்டார் போடவில்லை. குக்கர் விசில் வரவில்லை, பதினாறு நாளாக மதியத்தில் விசிலே இல்லை, அதைத் தன் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டவளைப் பற்றி என்ன சொல்வது. பதினாறு பொய்யையும் வாங்கி ஒழுங்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் நீர் வந்தது, மூக்கை உறிஞ்சக் கூடாது, தொண்டைக்கு ஆகாது, வழிய விட்டாள்.

வெளிச்சத்தம் பதிவில் இருக்கக் கூடாது என்பதும் ஒலிநூலகத்தின் விதிதான். வெட்டத் தெரியும், பதினைந்து விநாடி வேலை. வெட்டினால் கட்டுகளைப் பற்றிய ஒரு வாக்கியமும் போகும், அதைத் திருப்பிப் படித்து ஒட்டலாம். சுட்டெலியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள், எடுத்துவிட்டாள். வெட்ட மாட்டேன். ஒரு நூலுக்கு ஒரே குரல் என்று வேண்டுமானால் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும், இந்த நூலுக்கு இரண்டு. என்றென்றும் பேணத்தக்க வகை. கேட்கிறவளுக்கு எப்படியும் ஒரு குருவிக் கொத்துதான். மீதியை மறுபடி அணில் வேகத்தில் ஓட்டினாள்; எங்கும் விடுபடவில்லை, கடைசியில் 'பொறுப்பு அலுவலர் நேரில் பார்வை' என்பதோடு குரல் அறுந்தது. அங்கேதான் கணினி நின்றிருக்கிறது. அதற்கப்புறம் அவள் தனியாகப் படித்த ஏழு நிமிடம் எந்தத் துண்டிலும் இல்லை, அது காற்றோடு போயிற்று. நாலு முப்பத்தைந்து. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். தொண்டையைச் சோதித்துப் பார்க்க ஒரு முனகல், ஓரத்தில் மணல். இருக்கட்டும், ஏழு நிமிடத்துக்கு இந்த மணல் போதும். பணிமனைச் சங்கு ஊதியது, அதை மட்டும் தெருமுனையில் மறித்து நிறுத்த அவரால் முடியாது. அது ஊதி ஓயும்வரை ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்ததும் ஜமுக்காளத்தின் ஓரம் அசைந்தது. கதவுக்கடியிலிருந்து ஒரு தாள் நுழைந்து வந்தது, நாள்காட்டித் தாள், நேற்றைய தேதி. பின்பக்கம் பெரிய பெரிய எழுத்தில்: 'தொட்டியில் தண்ணீர் இல்லை. ஆட்டோ வருவதற்குள் குளிக்க வேண்டும். மோட்டார் போடலாமா?' பேச்சாகவே வாழ்ந்த மனிதரின் முதல் கடிதம். பேனாவைத் தேடினாள், கிடைத்தது, தாளைத் திருப்பி எழுதுவதற்குக் குனிந்தாள். பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். எழுந்துபோய் ஜமுக்காளத்தை விலக்கிக் கதவின் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் நிற்பது மூச்சில் தெரிந்தது.

"போடாதீங்க" என்றாள், வாய்விட்டு. "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

அப்புறம், பதிவில் கேட்ட அதே குரல், இப்போது ஒரு பலகை தள்ளி: "சரி, படி. நான் வாசல்ல இருக்கேன்." செருப்பு தேய்ந்துகொண்டே போய், வெளிக்கதவின் கொண்டி மெதுவாக விழுந்தது. மங்கையர்க்கரசி திரும்பி வந்து உட்கார்ந்தாள், ஜமுக்காளத்தைச் சரி செய்யவில்லை, சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மூன்று விநாடி விட்டாள். "விதி நூற்றுப் பதினான்கு" என்று தொடங்கினாள், குரல் கரகரவென்று வந்தது, அதற்காக நிறுத்தவில்லை. "பொறுப்பு அலுவலர் நேரில் பார்வையிட்டுக் கையொப்பமிடாத எந்தக் கட்டினையும் அழித்தல் கூடாது."